வினைச்சொல் இடறும் இடம்

1817-ஆம் ஆண்டு லண்டனில் 66 பக்க அளவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்தவர். நடுக்குவாதம் பற்றிய கட்டுரை என்று தலைப்பு வைத்திருந்தார். அதில் மொத்தம் 6 பேரைத்தான் விவரிக்கிறார். அவர்களிலும் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். நிறுத்திப் பேச்சுக்கொடுத்து விவரம் கேட்டுக்கொண்டார். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. முன்னால் சாய்ந்த உடம்பு, தரையைத் தேய்க்கும் குறுநடை, சும்மா இருக்கும்போது ஆடும் கை. இவற்றை வைத்தே அவர் ஒரு நோயை அடையாளம் கண்டுவிட்டார். பின்னாளில் பாரிஸின் ஜான் மார்ட்டின் ஷார்கோ அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்.

கண்ணால் மட்டும் பார்த்து இவ்வளவு சரியாகச் சொன்னவர் ஓரிடத்தில் சறுக்கினார். இந்த நோயில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதினார். ஷார்கோ அதை ஏற்கவில்லை. ஆனாலும் "உடம்புதான் நடுங்குகிறது, மனசுக்கு ஒன்றுமில்லை" என்ற எண்ணம் வெகுகாலம் நின்றுவிட்டது. நோயாளிகளின் நடையை அளந்தார்கள், கையெழுத்து சிறுத்துப்போவதைக் குறித்துக்கொண்டார்கள், குரல் தாழ்வதைக் கவனித்தார்கள். அவர்கள் எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியது நம் காலத்தில்தான். கேட்டவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களில் அவர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. செய்கையையும் அதைக் குறிக்கும் சொல்லையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். இரண்டும் வினைதான். நம் இலக்கண ஆசிரியர்கள் மூளையைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் செய்யும் வினைக்கும் சொல்லும் வினைக்கும் மூளைக்குள் உறவு உண்டா, உண்டென்றால் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கடந்த 25 ஆண்டுகளாக மொழி அறிவியலில் நடக்கும் பெரிய வழக்குகளில் ஒன்று. அந்த வழக்கில் முக்கியமான சாட்சிகள் பார்க்கின்சன் நோயாளிகள்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். நடுமூளையில் கறுத்த நிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் லத்தீன் பெயரான சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்குப் பொருளே கறுப்புப் பொருள் என்பதுதான். அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. இந்த முடிச்சுகளின் வேலையை ஏரிப் பாசனத்தை வைத்துச் சொல்லலாம். பல மடைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் வெள்ளம், அடைத்தே வைத்தால் வறட்சி. இப்போது எந்த மடை, எவ்வளவு திறப்பு என்று பார்த்துச் செய்ய ஒரு நீர்பாய்ச்சி வேண்டும். நாம் நாற்காலியிலிருந்து எழ நினைக்கும்போது எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்கிவைப்பது, எவ்வளவு வேகம் என்பதில் இந்த முடிச்சுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. டோப்பமின் குறைந்தால் மடைகள் இறுகுகின்றன. எழ நினைத்தவர் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே அறிகுறி தெரியும் நேரத்தில் அந்தக் கறுப்புத் திட்டின் நரம்பணுக்களில் ஏறக்குறைய பாதி அழிந்திருக்கும். 2019-ல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

டோப்பமினை அப்படியே கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்வடிவமான லெவோடோப்பா நுழையும். 1961-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் பிர்க்மாயரும் அதை நோயாளிகளுக்கு ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதும் அல்ல. நம் வேலியோரங்களில் படரும், தொட்டால் அரிக்கும் பூனைக்காலியின் விதையில் அது இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்து ஆய்வேட்டில் எழுதினார்கள். பார்க்கின்சன் நோய்க்கும் டோப்பமினுக்கும் தொடர்பு இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்ப் பூனைக்காலிப் பொடி வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவு தெரியாமல் சாப்பிடும் லெவோடோப்பா, மருத்துவர் கொடுக்கும் மாத்திரையோடு சேர்ந்து வம்பு செய்யும்.)

இனி சொல்லுக்கு வருவோம்.

ஒருவருக்கு ஒரு நிமிடம் கொடுத்து, மனிதர்கள் செய்யும் செயல்களை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஓடுவது, துவைப்பது, கிள்ளுவது, இப்படி. அடுத்த ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். இது நரம்பியல் மருத்துவமனைகளில் செய்யப்படும் சோதனைதான். பார்க்கின்சன் நோயாளிகளிடம் முதல் பட்டியல் சீக்கிரம் வறண்டுபோவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாலும் அப்படித்தான். சுத்தியல் படத்துக்குச் 'சுத்தியல்' என்று சொல்லிவிடுகிறவர், ஒருவன் சுத்தியலால் ஆணி அறையும் படத்துக்கு 'அறைகிறான்' என்று சொல்லத் தயங்குகிறார். மறதிநோய் இல்லாதவர்களிடமே இது தெரிந்தது.

உடனே ஒரு சந்தேகம் எழும், எழவும் வேண்டும். வினைச்சொல் யாருக்குமே கடினம்தானே? குழந்தைகள்கூட முதலில் பெயர்களைத்தானே கற்கின்றன? வினை காலத்தைத் தாங்க வேண்டும், திணையையும் பாலையும் எண்ணையும் காட்ட வேண்டும், வாக்கியத்தையே தூக்கி நிறுத்த வேண்டும். களைத்துப்போன மூளை எதுவானாலும் கடினமானதில்தானே முதலில் தடுக்கும்? இந்தக் கேள்வியை நாம் கையில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இந்தத் துறையில் வெளிவந்த கட்டுரைகளில் பல இதற்குப் பதில் சொல்லப் பிறந்தவைதான்.

பதிலின் ஒரு பகுதி ஆரோக்கியமானவர்களின் மூளையிலிருந்து வந்தது. நம் தலையின் மேற்பகுதியில், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஹேர்பேண்ட் மாட்டினால் எங்கே உட்காருமோ ஏறத்தாழ அங்கே, அசைவுகளை இயக்கும் மூளைப்புறணி இருக்கிறது. அதில் உடம்பின் வரைபடம் ஒன்று பதிந்திருக்கிறது. உச்சியில் கால், அதற்குக் கீழே கை, இன்னும் கீழே முகமும் நாக்கும். 1937-ல் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டும் போல்ட்ரியும் அறுவைச் சிகிச்சையின்போது மின்முனையால் தொட்டுத் தொட்டு இந்த வரைபடத்தை எழுதினார்கள். 2004-ல் கேம்பிரிட்ஜில் ஓலாஃப் ஹௌக், இங்கிரிட் ஜான்ஸ்ரூட், ஃப்ரீட்மன் புல்வர்ம்யூலர் ஆகியோர் மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் 14 பேரைப் படுக்கவைத்து, ஆங்கில வினைச்சொற்களை அமைதியாக வாசிக்கச் சொன்னார்கள். நக்கு, பொறுக்கு, உதை என்பது போன்ற சொற்கள். யாரும் விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் 'உதை' போன்ற சொற்களுக்குக் காலை அசைக்கும் பகுதியின் பக்கமாகவும், 'பொறுக்கு' போன்றவற்றுக்குக் கைப்பகுதியின் பக்கமாகவும் மூளை சுறுசுறுப்பானது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் எதிர்த்திசையில் சோதித்தார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் கைப்பகுதியை லேசாகத் தூண்டினார்கள். கையசைவுச் சொற்களை அடையாளம் காண்பது விரைந்தது. கால்பகுதியைத் தூண்டியபோது காலசைவுச் சொற்கள் விரைந்தன.

பிரான்சின் லியோன் நகரில் வெரோனிக் புலாஞ்சே, தாத்யானா நாசிர் குழுவினர் 2006-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒருவர் ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டுகிறார். நீட்டத் தொடங்கும் நொடியில் திரையில் ஒரு வினைச்சொல் வந்தால், நீட்டலின் போக்கில் சின்னஞ்சிறு இடையூறு தெரிகிறது. பெயர்ச்சொல் வந்தால் அந்த அளவு இடையூறு இல்லை. சொல் தோன்றி 200 மில்லி நொடிக்குள் இது நடக்கிறது. வாசிப்பதும் கை நீட்டுவதும் மூளையில் ஏதோ ஒரே பாதையில் முட்டிக்கொள்கின்றன.

இதே லியோன் குழு 2008-ல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் செய்த சோதனை இந்த முழு வழக்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது. கருத்தளவில் எளிமையானது, செய்முறையில் தந்திரமானது. திரையில் எழுத்துகளின் ஒரு கோவை தெரியும். அது உண்மையான சொல்லா, பொய்ச்சொல்லா என்று நோயாளி தீர்மானிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் கோவைக்குச் சற்று முன்னால் இன்னொரு சொல் 50 மில்லி நொடி மட்டும் மின்னி மறையும். கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்கு அது. மின்னியதை யாரும் உணர்வதில்லை. ஆனால் மின்னிய சொல்லும் பின்னால் வரும் சொல்லும் ஒன்றாக இருந்தால் விடை விரைந்து வரும். ஏற்கெனவே கதவைத் தட்டிவிட்டுப் போனவன் திரும்பி வந்தால் உடனே திறப்பதுபோல. இந்த விரைவைத்தான் அவர்கள் அளந்தார்கள். வாயைத் திறந்து பேச வேண்டாம், படத்துக்குப் பெயர் தேட வேண்டாம், யோசிக்கக்கூட வேண்டாம். ஆகவே 'வினை கடினம், அதனால் தடுமாறினார்கள்' என்ற வாதத்துக்கு இங்கே இடம் குறைவு.

மறதிநோய் இல்லாத 10 நோயாளிகள். முதலில் மாத்திரையின் வீரியம் இறங்கிய நிலையில் சோதனை. பெயர்ச்சொற்களில் அந்த விரைவு மற்றவர்களுக்கு இருப்பதுபோலவே இருந்தது. செயலைக் குறிக்கும் வினைச்சொற்களில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. பிறகு லெவோடோப்பா எடுத்துக்கொண்ட நிலையில் அதே நோயாளிகளுக்கு அதே சோதனை. வினைச்சொற்களின் விரைவு திரும்பிவந்து பெயர்ச்சொற்களுக்குச் சமமாக நின்றது.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கையையும் காலையும் இளக்கும் மாத்திரை ஒரு சொல்வகையையும் இளக்குகிறது. அதே ஆள், அதே மூளை. மாறியது டோப்பமின் அளவு மட்டும். 10 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒருவரை அவரோடே ஒப்பிடும் சோதனைக்கு ஒரு தனிப் பலம் உண்டு.

அடுத்த கேள்வி, எல்லா வினைச்சொற்களுமா? தூங்குவதும் வினை, தோண்டுவதும் வினை. இலக்கணத்துக்கு இரண்டும் சமம். உடம்புக்குச் சமமில்லை. ஸ்பெயினில் எலேனா ஹெரேரா, ஹவியர் ரோத்ரிகேஸ் ஃபெரெய்ரோ, ஃபெர்னாண்டோ குவெட்டோஸ் ஆகியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. அசைவு அதிகம் உள்ள செயல்களின் படங்கள் ஒரு பக்கம், அசைவு குறைந்த செயல்களின் படங்கள் மறுபக்கம். நோயாளிகள் அசைவு மிகுந்த வினைகளில் கூடுதலாகத் தடுமாறினார்கள். வினையின் இலக்கணச் சுமை மட்டுமே காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது.

தமிழில் இப்படி ஒரு சோதனைப் பட்டியல் போட வேண்டுமென்றால் நான் ஆய்வகத்துக்குப் போகமாட்டேன், அடுப்படிக்குப் போவேன். தேங்காயைத் துருவுகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், கீரையை ஆய்கிறோம், மாவைப் பிசைகிறோம், அரிசியைக் களைகிறோம், நெல்லைப் புடைக்கிறோம், தயிரைக் கடைகிறோம், களியைக் கிண்டுகிறோம். ஒவ்வொன்றும் கையின் வெவ்வேறு அசைவு. மணிக்கட்டு சுழல்வது ஒன்றில், முழங்கை இறங்குவது ஒன்றில், விரல்நுனி மட்டும் கிள்ளுவது இன்னொன்றில். இவ்வளவு நுணுக்கமாகக் கையசைவைப் பிரித்துப் பெயரிட்டிருக்கும் மொழியில் அசைவுக்கும் சொல்லுக்குமான தொடர்பை ஆராய எவ்வளவு சரக்கு கிடைக்கும்!

இன்னொரு பக்கம் நம்மிடம் ஒரு தப்பிக்கும் வழியும் இருக்கிறது. அதன் பெயர் 'பண்ணு'. கட் பண்ணு, மிக்ஸ் பண்ணு, க்ளீன் பண்ணு. அசைவின் விவரத்தையெல்லாம் ஓர் ஆங்கிலச் சொல்லிடம் விட்டுவிட்டு வினையைக் காலியாக்கிவிடும் வித்தை அது. வினைச்சொல் சிக்கும் ஒருவர் தன்னையறியாமல் 'பண்ணு'வின் பக்கம் கூடுதலாகச் சாய்வாரா? எனக்குச் சாய்வார் என்றுதான் தோன்றுகிறது. இது என் ஊகம், யாராவது சோதித்துப் பார்த்தால் மகிழ்வேன்.

தனிச்சொல்லை விட்டு வாக்கியத்துக்குப் போனால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. 'கைகழுவிவிட்டான்' என்று சொல்கிறோம். தண்ணீரும் இல்லை, சோப்பும் இல்லை. 'காலை வாரிவிட்டான்' என்கிறோம், யாரும் கீழே விழவில்லை. இந்த மாதிரி மரபுத்தொடர்களைக் கேட்கும்போது மூளையின் கைப்பகுதிக்கு வேலை உண்டா? அமெரிக்காவில் லியனார்டோ ஃபெர்னாண்டினோ குழு 2013-ல் 20 பார்க்கின்சன் நோயாளிகளையும் அதே வயதுள்ள 21 பேரையும் வைத்து இதை ஆராய்ந்தது. கையசைவைக் குறிக்கும் ஒரே வினைச்சொல்லை நேர்ப்பொருளில் ஒரு வாக்கியத்திலும், மரபுத்தொடராக ஒன்றிலும், உருவகமாக ஒன்றிலும் வைத்தார்கள். அசைவே இல்லாத அருவமான வாக்கியங்களும் இருந்தன. அருவமான வாக்கியங்களைவிட நேர்ப்பொருள் வாக்கியங்களுக்கு நோயாளிகள் மெதுவாக விடை சொன்னார்கள். அது எதிர்பார்த்தது. மரபுத்தொடர்களுக்கும் அப்படியே மெதுவாகத்தான் விடை வந்தது. நோயில்லாதவர்களிடம் இந்தத் தாமதம் இல்லை. தேய்ந்து பழகிய தொடரிலும் கையின் சுவடு கொஞ்சம் மிச்சமிருக்கிறது போலும்.

பார்க்கின்சன் ஒன்றைத் தவிர இயக்கத்தைப் பாதிக்கும் வேறு நோய்களும் சாட்சிக்கூண்டில் ஏறியிருக்கின்றன. ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்தது இயக்க நரம்பணு நோய். அந்த நோயோடு மறதியும் சேர்ந்து வந்த சிலரை கேம்பிரிட்ஜில் தாமஸ் பாக், ஜான் ஹாட்ஜஸ் குழுவினர் ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள். அவர்களிடம் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் மிக மோசமாகச் சிதைந்திருந்தது. இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதியில் சேதம் தெரிந்தது. பேச்சுத் தசைகள் பலவீனமான நோய் ஆயிற்றே, வாய் வராததை வினை வரவில்லை என்று தப்பாக எடுத்துக்கொண்டார்களோ என்று கேட்கலாம். அதற்காகவே பாக்கும் ஹாட்ஜஸும் பேச்சே தேவைப்படாத ஒரு சோதனையை உருவாக்கினார்கள். மூன்று செயல்களின் படங்கள் இருக்கும். மேலே உள்ள செயலோடு கீழே உள்ள இரண்டில் எது சேரும் என்று காட்டினால் போதும். 'முத்தமும் நடனமும்' என்பது அந்தச் சோதனையின் பெயர். மருத்துவச் சோதனைகளுக்கு இவ்வளவு அழகான பெயர் வாய்ப்பது அரிது.

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினால் தவறாகிவிடும். மறுதரப்பு வலுவானது. அதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளை நான் அதிகம் நம்புவதில்லை.

முதல் எதிர்வாதம் நாயையும் மணியையும் பற்றியது. மணி அடித்தால் பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறியது. அதனால் மணியின் பொருள் எச்சிலில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பிராட்ஃபோர்ட் மஹோனும் அல்ஃபோன்சோ கரமாஸாவும் 2008-ல் கேட்ட கேள்வி இது. 'உதை' என்ற சொல்லை வாசிக்கும்போது கால்பகுதி விழிப்பது உண்மையாக இருக்கலாம். பொருள் வேறெங்கோ புரிந்தபின் அதன் அதிர்வு இங்கே வந்து சேர்ந்திருக்கலாமே? விழித்ததாலேயே அது இல்லாமல் பொருள் விளங்காது என்று ஆகிவிடாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நேரானது. பிறவியிலேயே கைகள் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துருவுவதும் நறுக்குவதும் சொந்தக் கையால் செய்து அறிந்தவை அல்ல. ஜில் வானுஸ்கார்ப்ஸும் கரமாஸாவும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்டவர்கள் கையால் செய்யும் செயல்களைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் மற்றவர்களுக்குச் சற்றும் குறையவில்லை. கையசைவின் பொருளுக்குக் கை வேண்டியதில்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, பார்க்கின்சன் நோயாளிகளிடமே எதிர்ச்சான்று கிடைத்தது. டேவிட் கெமரர் குழு 2013-ல் அவர்களிடம் வினைச்சொற்களின் பொருள் ஒற்றுமையைத் தீர்மானிக்கச் சொன்னது. எது எதோடு பொருளில் நெருக்கம் என்று சொல்ல வேண்டும். மருந்தோடும் மருந்தில்லாமலும் சோதித்தார்கள். அசைவைக் குறிக்கும் வினைகளில் மட்டும் தனியாகப் பிழை கூடவில்லை. நோயாளிகளுக்கு அந்தச் சொற்களின் பொருள் தெரிந்தே இருந்தது.

இதோடு ஒரு பழைய பெருமையும் சரிந்தது. 2002-ல் ஆர்தர் க்ளென்பெர்க்கும் மைக்கேல் காஷாக்கும் ஒன்று சொன்னார்கள். நம்மை நோக்கி வரும் செயலைக் குறிக்கும் வாக்கியத்தை வாசித்துவிட்டுக் கையை நம்மை நோக்கி இழுப்பது எளிது, எதிர்த்திசையில் தள்ளுவது தாமதமாகிறது என்று. பாடநூல்களிலெல்லாம் ஏறிவிட்ட முடிவு இது. பல ஆய்வகங்கள் சேர்ந்து, முறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது: அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்த முயற்சியில் க்ளென்பெர்க்கும் காஷாக்கும் தாங்களே பங்கெடுத்தார்கள் என்பதை மட்டும் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். தன் முடிவைத் தானே உரசிப் பார்க்கத் துணிவது எளிதல்ல.

அப்படியானால் வழக்கு யார் பக்கம்? என் கணிப்பைச் சொல்கிறேன். இரண்டு தரப்பும் 'பொருள் எங்கே குடியிருக்கிறது' என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்கு வேகத்தைப் பற்றிய கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. நோயாளிகளிடம் பெரும்பாலும் குறைவது வினையின் பொருள் அல்ல. அது கைக்கு எட்டும் வேகமும், பல வினைகளுக்கிடையே ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் லாகவமும்தான் குறைகின்றன. பிறவியிலேயே கையில்லாதவரின் மூளை வேறு பாதை போட்டுக்கொள்ள அவருக்கு வாழ்நாள் முழுதும் நேரம் இருந்தது. 60 வருடம் ஒரே பாதையில் நடந்து பழகியவருக்கு அந்தப் பாதையில் பள்ளம் விழுந்தால், ஊருக்குப் போய்ச் சேரமாட்டார் என்றில்லை, சுற்றிக்கொண்டு போவார். அந்தச் சுற்றுத்தான் நமக்கு அரை நொடித் தயக்கமாகக் கேட்கிறது. இப்படிப் பார்த்தால் லியோன் சோதனையும் கெமரரின் சோதனையும் ஒன்றையொன்று வெட்டவில்லை. லியோனில் அளந்தது தானாக வரும் விரைவு, கெமரர் எண்ணியது நிதானமாகச் சொன்ன விடையின் பிழைகள்.

ஆய்வகத்துச் சொற்பட்டியலுக்கு வெளியே வந்தாலும் இந்தத் தயக்கம் தெரிகிறதா என்று தென்னமெரிக்காவில் ஒரு குழு விடாமல் தேடிவருகிறது. அர்ஜென்டினாவின் அதோல்ஃபோ கார்சியா, அகுஸ்டின் இபான்யெஸ் ஆகியோரின் குழு அது. ஸ்பானிய மொழியில் இரண்டு சிறுகதைகள் எழுதினார்கள். நீளம், கடினம் எல்லாம் ஏறத்தாழ ஒன்று. ஒன்றில் பாத்திரங்கள் ஓடிக்கொண்டும் எறிந்துகொண்டும் இருக்கிறார்கள். மற்றதில் அதிகம் அசைவதில்லை. கதை முடிந்தபின் கேள்விகள். 2018-ல் வெளிவந்த முடிவுப்படி, அசைவு மிகுந்த கதையில் யார் என்ன செய்தார் என்ற கேள்விகளில் பார்க்கின்சன் நோயாளிகள் தனியாகப் பின்தங்கினார்கள். பொதுவான அறிவாற்றல் குறையாதவர்களிடமும் இது தெரிந்தது. பிறகு அவர்கள் அதே கதையைத் தம் சொற்களில் திரும்பச் சொல்வதைப் பதிவுசெய்து, கணினி நிரலால் அலசி, நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்க முடிகிறதா என்று பார்க்கும் வேலை நடக்கிறது. ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், ஒரு கதை சொன்னால் போதும் என்றால் அதன் மதிப்பு நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதிகம். இப்போதைக்கு அது நோயைத் தீர்மானிக்கும் சோதனை ஆகிவிடவில்லை. யாராவது உங்கள் ஃபோனில் பேசவைத்துப் பார்க்கின்சன் இருக்கிறதா என்று சொல்கிறேன் என்றால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

தமிழுக்கு இதில் ஒரு தனி அக்கறை இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், நம் வாக்கியம் வினையில் போய் முடிகிறது. ஆங்கிலத்திலோ ஸ்பானியத்திலோ வினை நடுவிலேயே வந்து வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போகும். நாம் "நேத்து சாயந்திரம் மொட்டை மாடியில வத்தலைக் கூடையில..." என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுக் கடைசியில்தான் 'அள்ளினேன்' என்கிறோம். கேட்பவர் அந்த வினைக்காகக் காத்திருக்கிறார். பேசுபவர் வினையில் இடறினால் வாக்கியம் முழுவதும் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் எதிரே இருப்பவர் சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுகிறார். 'அள்ளினீங்களா? அள்ளி முடிச்சாச்சா?' பாசத்தில்தான். ஆனால் பார்க்கின்சன் நோயில் ஏற்கெனவே குரல் தாழ்ந்து, முகபாவம் குறைந்து, பேச்சு ஒற்றைச் சுருதியாகியிருக்கும். பேச்சில் அவருக்கு மிஞ்சியிருப்பது தான் தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடிக்கும் உரிமை.

உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், இந்த நோயோடு ஒரு தாத்தாவோ சித்தியோ இருந்தால் இரண்டு காரியம் செய்யலாம். மருத்துவரிடம் போகும்போது நடையையும் நடுக்கத்தையும் சொல்வதோடு, பேச்சில் எங்கே தயங்குகிறார், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எப்படிப் பேசுகிறார், அடுத்த மாத்திரைக்கு முன் எப்படிப் பேசுகிறார் என்பதையும் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வீட்டில் அவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல் அவரிடம் இருக்கிறது.